கைப்பேசிகள் முதலில் வெளியேறும்

அந்தப் பள்ளியில் கைப்பேசியைத் தடை செய்த நாளிலிருந்து கைப்பேசியைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

அதற்கு முன்னால் பாடம், பரீட்சை, கழிப்பறையில் தண்ணீர் வராதது, பின்பக்கத்து ஐஸ் தொழிற்சாலையிலிருந்து அவ்வப்போது மூக்கைத் துளைக்கும் நெடி வருவது என்று பலதும் பேச்சில் அடிபட்டன. தடைக்குப் பிறகு அவை எல்லாம் அற்ப விஷயங்களாகிவிட்டன. காலைக் கூட்டத்தில் தாளாளர் கைப்பேசியின் தீமைகளை விளக்கினார். மாலையில் அந்த விளக்கம் பெற்றோருக்குக் கைப்பேசியில் வந்து சேர்ந்தது.

ஜன்னல் திரைச்சீலை மாட்டும் தொழில் செய்த ஒருவருக்கு அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள் இருந்தாள். ஓயாமல் பேசுவதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு மைனா என்று பெயர். இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போகிறவள். ஒரு மழை நாளில் பேருந்து பழுதாகி, இருட்டிய பிறகு நனைந்த கோழிக்குஞ்சாக வீடு வந்து சேர்ந்தாள். அந்த வாரமே அவளுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அவருடைய கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டும். யார் வீட்டு மாடியிலோ ஏணிமேல் நின்று திரைக்கம்பிக்குத் துளை போட்டுக்கொண்டே அந்தப் புள்ளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். புள்ளி பள்ளிக்குள் போய் நின்ற பிறகுதான் துளை நேராக விழும்.

தடை வந்ததும் பெற்றோர் கூட்டம் நடந்தது.

"கைப்பேசி ஒரு நஞ்சு," என்றார் தாளாளர். "ஆனா விலை உயர்ந்த நஞ்சு. அதனால வகுப்புக்குள்ள அதை அனுமதிக்க மாட்டோம். வாசல்லயே வாங்கி, பத்திரமா வெச்சிருந்து, சாயங்காலம் திருப்பிக் குடுப்போம். உங்க பொருளுக்கு நாங்க முழுப் பொறுப்பு."

கைதட்டினார்கள். திரைச்சீலைக்காரர் கையைத் தூக்கினார். கைதட்டலில் கலந்துகொள்கிறார் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தார்கள்.

"ஐயா, திடீர்னு ஏதாவது ஆபத்துன்னா பிள்ளைங்க எங்களுக்கு எப்படித் தகவல் சொல்வாங்க?"

தாளாளர் புன்னகை செய்தார். பல கேள்விகளைத் தின்று செரித்த புன்னகை அது.

"நல்ல கேள்வி. ஆபத்துன்னா என்ன? கட்டுப்பாடு இல்லாத இடத்துல நடக்கிறதுக்குப் பேர் ஆபத்து. நம்ம பள்ளியில கட்டுப்பாடு இருக்கு. அப்புறம் ஆபத்து எங்கேர்ந்து வரும்?" மறுபடி கைதட்டல். "அப்படியே ஒருவேளை வந்துட்டா, அலுவலகத்துல ஒரு தொலைபேசி இருக்கு. முன்கூட்டியே எழுத்துல தெரிவிச்சா அதைப் பயன்படுத்த அனுமதி தரப்படும்."

"ஆபத்தை எப்படிங்க முன்கூட்டியே..."

பக்கத்தில் இருந்த ஒரு தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்கண்ணா. அங்கே படிக்கிறது உங்க பொண்ணு. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் உட்கார்ந்தார்.

தடை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதல்ல என்பது போகப்போகத் தெரிந்தது. பள்ளியில் முதலுதவி அறை என்று ஒன்று இருந்தது. கட்டில், மருந்து அலமாரி, கை கழுவும் தொட்டி. கட்டிலைக் காவலாளியின் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு அந்த அறையைக் கைப்பேசிக் காப்பறை ஆக்கினார்கள். சூடு பேட்டரிக்குக் கெடுதல் என்பதால் குளிர்சாதனம் பொருத்தினார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகள் இனிமேல் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். சூடு பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தரவில்லை.

விளையாட்டு வாத்தியார் கைப்பேசிக் காப்பாளராக உயர்த்தப்பட்டார். விசில் மட்டும் கழுத்திலேயே இருந்தது. காலையில் வாசலில் மேசை போட்டு உட்காருவார். பிள்ளைகள் வரிசையில் வந்து தங்கள் கைப்பேசி எண்ணை உரக்கச் சொல்லி, கைப்பேசியைக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்ணில் தடுமாறுகிறவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சில நாட்களிலேயே ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூடத் தங்கள் எண்ணைத் தூக்கத்திலும் ஒப்பித்தார்கள். வாய்ப்பாட்டில் அவ்வளவு தேர்ச்சி இருந்ததில்லை. கைப்பேசி கல்விக்கு எதிரி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கைப்பேசியை அணைக்காமல்தான் கொடுக்க வேண்டும், சத்தத்தை மட்டும் அடக்கிவிட வேண்டும் என்பது விதி. "அணைச்ச போனை வாங்கினா அது முன்னாடியே செத்துப்போனதா, எங்ககிட்ட வந்து செத்துச்சான்னு எப்படிச் சார் தெரியும்?" என்று காப்பாளர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

அலுவலகத் தொலைபேசிக்கும் ஒரு விதி வந்தது. யாராவது ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்துவிடக் கூடாது என்று, பள்ளியில் பதிவான எண்களுக்கு மட்டும் போகும்படி அதைக் கட்டிவைத்தார்கள். பள்ளியில் பதிவான எண்கள் எவை? காலையில் வாசலில் பிள்ளைகள் ஒப்பித்த எண்கள். அதாவது காப்பறையில் உறங்கும் கைப்பேசிகளுக்கு அலுவலகத்திலிருந்து தாராளமாகப் பேசலாம்.

திரைச்சீலைக்காரரின் மனைவி வீட்டிலேயே திரை தைக்கிறவர். கைப்பேசிகளுக்கு உறை தைத்துத் தரும் வேலை அவருக்கு வந்தது. உள்ளே மெத்தென்று பஞ்சு, வெளியே தடித்த துணி, முன்பக்கம் கைப்பேசியின் முகம் தெரிய ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார்:

"ஏங்க, போன வருஷம் வகுப்புல ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குது, ஒரு திரை போடுங்கன்னு நாம ஓசியில தரேன்னோம். வேணாம்னாங்க. இப்போ போனுக்கு மெத்தை, ஜன்னல் எல்லாம் கேக்கறாங்க. மறுபிறவின்னு ஒண்ணு இருந்தா அந்தப் பள்ளியில போனாப் பொறக்கணும்."

"மெதுவாப் பேசு. பொண்ணு அங்கே படிக்கிறா."

"அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. படிக்கிறாளா, பிணையா இருக்காளா?"

ஒரு நாள் மைனா படிக்கட்டில் தவறி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காய்போல வீங்கியது. காலையில் விழுந்தவளை மாலை வரை தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் கைப்பேசியில் நீலப் புள்ளி அசையாமல் நின்றது. பிள்ளை சமர்த்தாகப் படிக்கிறாள் என்று நினைத்திருந்தார். மாலையில் வாசலுக்கு அவள் ஒற்றைக் காலில் நொண்டி வந்ததைப் பார்த்து நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"கவலைப்படாதீங்க," என்றார் தலைமையாசிரியை. காப்பாளரைக் கூப்பிட்டு மைனாவின் கைப்பேசியைக் கொண்டுவரச் செய்தார். உறையிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

அவர் பார்த்தார். கீறல் இல்லை. நன்றி சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் நன்றி சொன்னோம் என்று வழியெல்லாம் யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

அடுத்து அவரை ஒரு பாதுகாப்பு ஒத்திகை பார்க்க அழைத்தார்கள். கேள்வி கேட்கிற பெற்றோருக்கு மரியாதை செய்து வாயை அடைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மைதானத்தில் பந்தல் போட்டு, அவரைத் தாளாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மணி அடித்தது. காப்பாளர் விசிலை ஊதினார். காப்பறைக் கதவு திறந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெட்டி. பெட்டியை வகுப்பாசிரியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு வேக நடையில் வந்தார். பெட்டிகள் பள்ளிப் பேருந்துகளில் ஏறின. ஒவ்வொரு பெட்டிக்கும் ஜன்னலோர இருக்கை. வகுப்பாசிரியை பக்கத்தில். பேருந்துகள் வரிசையாக வெளியேறின. குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. பந்தலில் கைதட்டல் எழுந்தது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறு யாரும் வரவில்லை.

"பிள்ளைங்க எப்போ வருவாங்க?" என்று காப்பாளரைக் கேட்டார்.

"பிள்ளைங்க வகுப்புல ஜன்னலைச் சாத்திக்கிட்டு, தலைமேல கை வெச்சு உட்கார்ந்திருப்பாங்க. குறுக்க வந்தா பெட்டி கீழே விழுந்துடும் பாருங்க."

"முதல்ல பிள்ளைங்களைத்தானே..."

காப்பாளர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "சார், போனுக்கு டோக்கன் குடுத்திருக்கோம். திருப்பித் தரணும்னு சட்டம். பிள்ளைக்கு நாங்க டோக்கன் குடுத்தோமா?"

தாளாளர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். "பொறுப்புன்னா அதுதான். எதுக்குக் கணக்குச் சொல்லணுமோ, அதை முதல்ல காப்பாத்தணும்."

அந்த ஆண்டு தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று அந்தப் பள்ளிக்கு முன்மாதிரிப் பாதுகாப்பு விருது கொடுத்தது. சங்கத்தின் தலைவர் தாளாளர்தான் என்பதால் விருதை அவரே கொடுத்து அவரே வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போது ஒரு படம், வாங்கும்போது ஒரு படம் எடுத்தார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் வந்தது.

அவர் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஏணிமேல் நின்று கம்பி பொருத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, உன் பொண்ணு எந்தப் பள்ளின்னு சொன்னே? டிவியில ஏதோ ஐஸ் பேக்டரியில குழாய் வெடிச்சு அமோனியா கசியுதுங்கறான். பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்காம்."

துளைப்பான் கீழே விழுந்தது. அவர் கைப்பேசியை எடுத்தார். நீலப் புள்ளி பள்ளியில் இல்லை. பெரிய சாலையில் இருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது.

ஒத்திகை வேறு, நிஜம் வேறு, நிஜத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டா வருவார்கள் என்று அவருக்கு உயிர் வந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"வெளியே வந்துட்டா. பஸ்ல வர்றா. புள்ளி நகருது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா. மேம்பாலம் தாண்டிட்டா."

மறுமுனையில் மனைவி அழுவது கேட்டது. இடையில், "அந்தத் தாளாளரை என்னென்னவோ சொல்லிட்டேன். நல்லா இருக்கட்டும்," என்றார்.

பெற்றோர் குழுவில் செய்திகள் வந்து குவிந்தன. எல்லோருடைய திரையிலும் எல்லோருடைய புள்ளியும் ஒன்றாக நகர்ந்தது, கூட்டமாகப் பறக்கும் கிளிகளைப்போல. 'வேறு பள்ளியாக இருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?' என்று ஒருவர் எழுதினார். 'கட்டுப்பாடு என்றால் இதுதான்' என்றார் இன்னொருவர். கூட்டத்தில் அவர் சட்டையை இழுத்த தாய், 'சிலர் கேள்வி கேட்டார்களே, இப்போது எங்கே?' என்று எழுதினார். திரைச்சீலைக்காரர் வெட்கப்பட்டார். கும்பிடும் கைகளைப் பதிலாக அனுப்பிவிட்டு, மகளின் எண்ணுக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

புள்ளிகள் நகரின் மறுகோடியில் ஒரே இடத்தில் போய் நின்றன. தாளாளரின் மைத்துனர் நடத்தும் சோபா கடை அது. வாசலில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். அவர் எப்போதோ அந்தக் கடைக்குத் திரை மாட்டியவர். பக்கத்துக் கதவு எங்கே என்று தெரியும். உள்ளே போனார்.

குளுகுளுவென்று இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்கள். ஒவ்வொரு சோபாவிலும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பாசிரியை. காப்பாளர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க எல்லாம் பத்திரமா சார்?"

"ஒண்ணு விடாம வந்துடுச்சு. ஒரு சேதாரம் இல்லை."

"எங்கே இருக்காங்க?"

"இதோ," என்று காப்பாளர் சோபாக்களைக் காட்டினார்.

"நான் பிள்ளைங்களைக் கேக்கறேன் சார்."

பக்கத்து இலாகாவின் கோப்பைத் தன்னிடம் கேட்டதுபோலக் காப்பாளர் விழித்தார். "பிள்ளைங்க பள்ளியிலதான் இருப்பாங்க. இன்னும் பள்ளி நேரம் முடியலையே."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"பஸ் எல்லாம் இங்கே நிக்குதே?"

"எண்ணி முடிச்சு ரசீது போடணும். போட்டதும் பஸ் திரும்பிப் போய்ப் பிள்ளைங்களை ஏத்திக்கும். அது இரண்டாம் கட்டம். அவசரப்பட்டா கணக்குத் தப்பிடும் சார், நடுவுல பேசாதீங்க."

மைனாவின் வகுப்பாசிரியை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார். "ஜன்னலைச் சாத்திட்டு உட்காருங்கன்னு சொல்லிட்டு வந்தேன் அண்ணா. நான் இருந்துக்கறேன்னு சொன்னேன். பெட்டியை விட்டா வேலையை விட்டுடுன்னாங்க. வெளியே ஓடிடக் கூடாதுன்னு கேட்டையும் பூட்டிட்டாங்க."

அவர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார்.

"அந்தப் பள்ளியா? காலி பண்ணியாச்சே சார். வெளியேற்றம் நூத்துக்கு நூறு முடிஞ்சதுன்னு தாளாளரே சொல்லிட்டார். எங்க ஆளுங்க எல்லாம் தொழிற்சாலைப் பக்கம் இருக்காங்க."

"வெளியே வந்தது போனுங்க. பிள்ளைங்க உள்ளேயே இருக்காங்க."

"எண்ணிக்கை சரியா இருக்குன்னு சொன்னாரு சார். நெருக்கடி நேரத்துல வதந்தி கிளப்பாதீங்க."

அப்போதுதான் கோடியில் இருந்த சோபா உறுமத் தொடங்கியது. ஆறாம் வகுப்புப் பெட்டியில் ஓர் உறை அதிர்ந்தது. பிளாஸ்டிக் ஜன்னலில் வெளிச்சம். அதுவரை வந்தவை எல்லாம் அம்மா, அப்பா, மாமா என்ற அழைப்புகள். இதில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். அது அடித்து ஓய்ந்தது. அடுத்த உறை அதிர்ந்தது. அதே எண். பிறகு அடுத்தது. அதே எண்.

"இது பள்ளி நம்பர் இல்லையா?" என்றார் அவர்.

காப்பாளர் எட்டிப் பார்த்தார். "ஆமா. அலுவலகத் தொலைபேசி. யாரோ அனுமதி இல்லாமத் தொட்டிருக்காங்க. குறிச்சுக்கறேன்."

"எடுங்க சார்!"

"டோக்கன் இருக்கா?"

டோக்கன் பிள்ளைகளின் பையில் இருந்தது. அவர் காப்பாளரைத் தள்ளிவிட்டு, தன் மனைவி தைத்த உறையை, அவள் போட்ட இரட்டைத் தையலோடு பிய்த்தார்.

"ஹலோ!"

மறுமுனையில் இருமல். பிறகு ஒரு சின்னக் குரல். "ஹலோ, இது என் போன். நீங்க யாரு?"

"நான்... நான் மைனாவோட அப்பா, கண்ணு. நீ எங்கே இருக்கே?"

"ஆபீஸ் ரூம்ல. அங்கிள், எங்கம்மா நம்பர் அந்தப் போனுக்குள்ளதான் இருக்கு. எடுத்துக் குடுக்கறீங்களா? இதுல வேற எந்த நம்பர் போட்டாலும் அனுமதி இல்லைன்னு சொல்லுது. எங்க நம்பர் மட்டும்தான் போகுது."

"கண்ணு, அங்கே நெடி அடிக்குதா?"

"கண்ணைத் திறக்க முடியலை. மைனா அக்காதான் கதவை உடைச்சாங்க. வரிசையா நிக்கச் சொல்லியிருக்காங்க. சின்னவங்க முதல்ல. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். நான் வைக்கட்டுமா?"

"வைக்காதே!" அவர் தன் கைப்பேசியை அந்தக் கைப்பேசியோடு ஒட்டிப் பிடித்தார். தீயணைப்பு நிலையத்து அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. "கண்ணு, இப்போ பேசு. நல்லா உரக்கப் பேசு. எத்தனை பேர் இருக்கீங்கன்னு சொல்லு."

"எல்லாரும் இருக்கோம் அங்கிள்," என்றது குரல். பிறகு வெகுநேரம் இருமியது.

தீயணைப்பு நிலையத்து ஆள் யாரையோ பேர் சொல்லி அலறுவது கேட்டது.

கண்ணாடிக் கதவு உடைந்து பெற்றோர் உள்ளே பாய்ந்தார்கள். அவரவர் பிள்ளையின் உறையை அவரவர் தேடினார்கள். சோபாமேல் ஏறி மிதித்துத் தேடினார்கள். அதிரும் உறை தங்கள் பிள்ளையுடையது இல்லை என்றால் கீழே போட்டார்கள். காப்பாளர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

மைனாவின் உறை எந்தப் பெட்டியில் என்று திரைச்சீலைக்காரருக்குத் தெரியும். வகுப்பாசிரியையின் மடியில் இருந்தது. பள்ளியின் அழைப்பு அதற்கு இன்னும் வரவில்லை. நின்று காத்திருந்தால் அவள் குரலைக் கேட்கலாம். பேருந்துகள் வெளியே நின்றன. அவர் ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியையே பார்த்தார். பிறகு வெளியே ஓடினார். வகுப்பாசிரியை பெட்டியைச் சோபாவில் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ரசீது இல்லாம எடுத்தா என் வேலை போயிடும்," என்றார் முதல் பேருந்தின் ஓட்டுநர்.

"உங்க பிள்ளை எங்கே படிக்குது?"

ஓட்டுநரின் பிள்ளையும் அங்கேதான் படித்தது, பாதிக் கட்டணத்தில். வண்டியைக் கிளப்பினார்.

பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் கேட்டை உடைத்து, ஈரத் துணியால் முகத்தை மூடி, தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வந்தார்கள். மாடியில் இருந்தவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. தரைத்தளத்து அலுவலக அறையில் இருந்தவர்களுக்குக் கண்ணும் தொண்டையும் வெந்திருந்தன. அதிலும் அங்கே நெடுநேரம் இருந்தவளுக்கு அதிகம். கடைசியாக வந்தவள் மைனா.

சில நாள் கழித்துப் பள்ளி ஒரு கூட்டம் நடத்தியது. தாளாளர் பொன்னாடை போர்த்தியிருந்தார், போர்த்தியவர் மைத்துனர்.

"ஒரு பெரிய சோதனையில இந்த நிறுவனம் தேறியிருக்கு. அத்தனை கைப்பேசிகளும் பாதுகாப்பா மீட்கப்பட்டன. ஒண்ணுகூட இழக்கலை. சேதமான சிலதும் பெற்றோர் கூட்டமா வந்து மிதிச்சதால சேதமானவை. அதுக்குப் பள்ளி பொறுப்பில்லை. இதுல நாம கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு இருக்கு. கைப்பேசியை அணைக்காம வாங்கினதாலதான் பெற்றோர் புள்ளியைப் பாத்துக் குழம்பினாங்க. இனிமே அணைச்சுத்தான் வாங்குவோம். அலுவலகத் தொலைபேசியையும் எடுத்துட்டோம். அது இருந்ததாலதானே பிள்ளைங்க வகுப்பை விட்டுத் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தாங்க? கதவை உடைச்ச மாணவி விஷயத்துல, அவளோட உடல்நிலையை உத்தேசித்து, நிர்வாகம் பெருந்தன்மையா நடந்துக்கும்."

ஒப்புதல் கேட்டபோது கைகள் உயர்ந்தன. முதலில் தயங்கித் தயங்கி உயர்ந்தன. அவரவருக்கு அங்கே ஒரு பிள்ளை படித்தது.

திரைச்சீலைக்காரர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. மருத்துவமனையில் மகளின் கட்டில் பக்கம் இருந்தார். மைனாவின் இரண்டு கண்களிலும் கட்டு. பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டால் டாக்டர் ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது சொல்லிவிட்டுப் போனார். ஓயாமல் பேசியவளின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நிறையப் பேசக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். அவள் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்தபடி இருந்தார்.

காப்பாளர் வந்தார். கழுத்தில் விசில் இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையில் ஒரு கைப்பேசி. மேலே உறை இல்லை.

"ஒப்படைச்சுட்டா என் கணக்கு முடிஞ்சிடும் சார். இது ஒண்ணுதான் பாக்கி," என்றார் மெதுவாக. "டோக்கன் தொலைஞ்சிருக்கும். பரவாயில்லை. நானே சமாளிச்சுக்கறேன்."

மனைவி எழுந்தார். கைப்பேசியை வெடுக்கென்று வாங்கி, கணவர் கையில் திணித்துவிட்டு, மறுபடி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். காப்பாளர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் திரையைத் தொட்டார். எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக வந்தன. அப்பா, அப்பா, அப்பா என்று அவரே கூப்பிட்டவை. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, பள்ளியின் எண். ஒரே ஒரு தடவை.

"அப்பா," என்றாள் மைனா.

"பேசாதேம்மா. தொண்டை வலிக்கும்."

"என் நம்பருக்குப் போட்டேன்பா. யாரும் எடுக்கலை."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது உன்னை ஏற்றிவரத்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தார்.

"பரவாயில்லைப்பா," என்றாள் அவள். "எனக்குப் பின்னாடி வரிசையில யாருமில்லை. அதனால ரொம்ப நேரம் அடிக்க விட்டேன்."